ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஹார்டுவேர் வாலட்டை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் பிளாக்செயின் வேலையில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறோம். கோரமங்கலா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் அலுவலகங்களில் இருப்பவர்கள், ஒயிட்ஃபீல்டில் பி.ஜி.யில் தங்கிக்கொண்டு சொந்தமாக ஏதாவது கட்டிக்கொண்டிருப்பவர்கள், கல்லூரியின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள். "லெட்ஜர் கனெக்ட் ஆகலை" என்று தொடங்கும் செய்தி ஓயாமல் வருகிறது (லெட்ஜர், ட்ரெசர் இரண்டும் ஹார்டுவேர் வாலட் வகைகள்). ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. ப்ரோ, ஹார்டுவேர் வாலட்னா காயின் எல்லாம் அந்த பென்டிரைவ் மாதிரி இருக்கிறதுக்குள்ள இருக்குமா?

இல்லை. காயின் கணக்கு பிளாக்செயினில் இருக்கிறது. சாதனத்துக்குள் இருப்பது அந்தக் கணக்கை நகர்த்த உரிமை தரும் பிரைவேட் கீ மட்டும். முதல் முறை இயக்கும்போது 12 அல்லது 24 மீட்புச் சொற்களை எழுதிவைக்கச் சொல்கிறதே, அந்தச் சொற்களிலிருந்துதான் எல்லாக் கீகளும் பிறக்கின்றன. 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. பிப்-39 என்ற விதி இதை வரையறுக்கிறது.

உங்கள் ஆப் ஒரு பரிவர்த்தனையைப் பைட்டுகளாகச் சாதனத்துக்கு அனுப்பும். சாதனம் அதைப் பிரித்துத் தன் சின்னத் திரையில் காட்டும். பயனர் பார்த்து ஒப்புக்கொண்டால் கையொப்பம் மட்டும் திரும்பி வரும். கீ எந்த நிலையிலும் வெளியே வராது. கணினியில் வைரஸ் இருக்கலாம், பிரவுசர் கெட்டுப்போயிருக்கலாம், இணையப் பக்கமே போலியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் இந்தச் சாதனத்தை வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்டையும் அது நம்புவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கிருந்துதான் வருகிறது.

2. என் ஆப்புக்கு லெட்ஜர் சப்போர்ட் வேணும்னு கிளையண்ட் கேட்கிறார். நான் நேரா யூஎஸ்பில பேசணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் ஆப் எத்தீரியம் வகைச் சங்கிலியில் (பிளாக்செயினில்) ஓடும் சாதாரண இணையப் பக்கம் என்றால், மெட்டாமாஸ்க் போன்ற, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் வாலட் நீட்சியோடு பேசினால் போதும். பயனர் தன் லெட்ஜரையோ ட்ரெசரையோ அந்த நீட்சியில் சேர்த்துக்கொள்வார். கையொப்பம் கேட்டால் நீட்சியே சாதனத்திடம் கொண்டுபோகும். இஐபி-1193 என்ற பொது இடைமுகத்தை நீங்கள் பின்பற்றினால் பின்னால் எந்தச் சாதனம் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

நேரடி இணைப்பு எப்போது தேவை? நீங்களே ஒரு வாலட் எழுதும்போது, பிட்காயினில் பல கையொப்ப ஏற்பாடு (பலர் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும்) செய்யும்போது, நிறுவனத்தின் கருவூலக் கணக்கைக் கையாளும் உள் மென்பொருள் செய்யும்போது, நீட்சி எதுவும் போடக் கூடாது என்று நிர்வாகம் சொல்லும்போது. இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால் கிளையண்டிடம் பேசிப் பாருங்கள். நேரடி இணைப்பு ஒருநாள் வேலையோடு முடிவதில்லை. சாதனத்தின் ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) மாறும்போதெல்லாம் அது பராமரிப்பு கேட்கும்.

3. குரோம்ல ஓடுது, ஃபயர்ஃபாக்ஸ்ல பட்டனே வேலை செய்யலை. ஐபோன்ல சுத்தமா வரலை. என் கோடு தப்பா?

கோடு சரியாகத்தான் இருக்கும். பிரவுசரிலிருந்து யூஎஸ்பி சாதனத்தோடு பேச இரண்டு வழிகள்: வெப்யூஎஸ்பி, வெப்ஹெச்ஐடி. முதலாவது 2017ல் குரோம் 61லும், இரண்டாவது 2021ல் குரோம் 89லும் வந்தன. குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் குடும்பப் பிரவுசர்களில் இவை உண்டு. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இரண்டும் இல்லை. ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளே சஃபாரியின் வெப்கிட்தான், அதனால் அங்கும் வராது.

பட்டனைக் காட்டுவதற்கு முன்பே அந்த வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் "குரோமிலோ எட்ஜிலோ திறக்கவும்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். ஒன்றும் நடக்காத பட்டன் இருந்தால் பயனர் தன் சாதனம் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்.

4. வெப்யூஎஸ்பியா, வெப்ஹெச்ஐடியா? எதை எடுக்கிறது?

மேசைக் கணினிக்கு வெப்ஹெச்ஐடி என்பது என் முடிவு. கீபோர்டு, மவுஸ் பேசும் அதே வகை வழி என்பதால் விண்டோஸ் தனி டிரைவர் கேட்காது. வெப்யூஎஸ்பியில் விண்டோஸ் சில சமயம் டிரைவர் விஷயத்தில் அடம் பிடிக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடிஜி கேபிள் போட்டுக் குரோமில் திறப்பவர்களுக்காக வெப்யூஎஸ்பியை மாற்று வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாடங்கள் சிலவற்றில் யூ2எஃப் என்று ஒரு வழி சொல்லப்பட்டிருக்கும். அந்தப் பாடத்தை அப்படியே மூடிவிடுங்கள். குரோம் 2022ல் அதை நீக்கிவிட்டது.

5. லெட்ஜருக்கு எழுதின கோடே ட்ரெசருக்கும் ஓடுமா?

ஓடாது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு மாதிரி யோசிக்கின்றன. லெட்ஜரில் உங்கள் பக்கமே சாதனத்தோடு நேரடியாகப் பேசும். ஸ்மார்ட் கார்டு உலகத்தின் ஏபிடியூ என்ற கட்டளை வடிவத்தில் பைட்டுகள் போகும், வரும். சாதனத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிச் செயலி உண்டு, பயனர் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ட்ரெசரில் ட்ரெசர் கனெக்ட் என்ற லைப்ரரி நடுவில் நிற்கும். அது தன் சொந்தத் தளத்தில் ஒரு சாளரத்தைத் திறந்து, பயனரிடம் அனுமதி வாங்கி, விடையை மட்டும் உங்கள் பக்கத்துக்குத் தரும். தொடங்கும்போதே உங்கள் ஆப்பின் இணைய முகவரியையும் ஒரு மின்னஞ்சலையும் அதற்குக் கொடுக்க வேண்டும்.

லெட்ஜர் பக்கம் இரண்டு தலைமுறைகள் இருக்கின்றன. இணையத்தில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான உதாரணங்கள் லெட்ஜர்ஜேஎஸ் என்ற பழைய தொகுப்பில் எழுதியவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிவைஸ் மேனேஜ்மென்ட் கிட் என்ற புதிய தொகுப்பை லெட்ஜர் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே ஓடும் ஆப்பை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், புதிய ஆப்பைப் பழையதில் தொடங்கவும் வேண்டாம்.

உங்கள் நிரலில் "முகவரி கொடு", "கையொப்பமிடு", "இணைப்பை மூடு" என்ற மூன்று செயல்களோடு ஒரு சின்ன இடைமுகம் எழுதி, அதன் பின்னால் இரண்டு சாதனங்களையும் வையுங்கள். மூன்றாவதாக ஒரு சாதனம் வரும்போது அந்த உழைப்பு கைகொடுக்கும்.

6. சரி, முதல் முகவரியை வாங்குற வரைக்கும் என்னென்ன நடக்கணும்? வரிசையா சொல்லுங்க அண்ணா.

லெட்ஜரை வைத்துச் சொல்கிறேன். பயனர் சாதனத்தைச் செருகி, பின் எண் போட்டு, எத்தீரியம் செயலியைத் திறக்கிறார். உங்கள் பக்கத்தில் இணைப்புப் பட்டனை அழுத்துகிறார். பிரவுசர் ஒரு சாதனப் பட்டியலைக் காட்டுகிறது. லெட்ஜரின் தயாரிப்பாளர் எண் தசமத்தில் 11415, அதை வைத்துப் பட்டியலை லைப்ரரி வடிகட்டிவிடும். பயனர் தேர்ந்தெடுத்ததும் இணைப்பு திறக்கும். பிறகு 44'/60'/0'/0/0 போன்ற ஒரு பாதையை (விளக்கம் கேள்வி 11ல்) கொடுத்து முகவரி கேட்கிறீர்கள், வருகிறது.

இதில் இரண்டு இடங்களில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், அல்லது லோக்கல்ஹோஸ்டாக இருக்க வேண்டும். வீட்டு வைஃபையின் ஐபி முகவரியைப் போட்டு வேறு கணினியிலோ ஃபோனிலோ திறந்தால் பிரவுசர் அந்த வசதியையே ஒளித்துவிடும். இரண்டாவது, சாதனப் பட்டியலைப் பயனரின் கிளிக்குக்குள்தான் கேட்க முடியும். பக்கம் திறந்ததும் தானாக இணைக்கப் பார்த்தால் பிரவுசர் மறுக்கும். கிளிக் ஆனபின் முதலில் சர்வரிடம் எதையோ கேட்டு, விடை வந்ததும் சாதனத்தைக் கேட்பது என்று எழுதியிருந்தாலும் சிக்கல்தான். அந்தக் கிளிக்கின் செல்வாக்கு குரோமில் சுமார் 5 நொடியில் தீர்ந்துவிடும். மெதுவான இணையத்தில் மட்டும் இந்தப் பிழை வரும், உங்கள் மேசையில் ஒருநாளும் வராது. அதனால் சாதனத்தை முதலில் கேளுங்கள், சர்வரை அப்புறம் கேளுங்கள்.

ஒருமுறை அனுமதி கொடுத்த சாதனத்தை அடுத்த வருகையில் கிளிக் இல்லாமலே எடுக்கலாம். அனுமதி பெற்ற சாதனங்களின் பட்டியலைக் கேட்கத் தனி வழி இருக்கிறது, அதை முதலில் முயலுங்கள்.

7. பட்டியல்ல டிவைஸே காட்ட மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில் கேபிளை மாற்றுங்கள். எஸ்.பி. ரோட்டில் சல்லிசாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்ற மட்டும் ஆனவை. டேட்டாவுக்கான கம்பியே உள்ளே இருக்காது. சாதனத்தில் விளக்கு எரியும், திரை வரும், பின் எண்கூடப் போடலாம், ஆனால் கணினிக்கு அது இருப்பதே தெரியாது. சாதனத்தோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள், நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, லெட்ஜரின் சொந்தக் கணினிச் செயலி பின்னணியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்கள் சாதனத்தைப் பிடிக்க முடியாது. வேறு டேபில் இன்னொரு வாலட் பக்கம் திறந்திருந்தாலும் இதே கதைதான். லினக்ஸ் என்றால் யூடெவ் விதிகளைச் சேர்த்தால்தான் சாதாரணப் பயனருக்குச் சாதனத்தை எழுதும் அனுமதி கிடைக்கும். லெட்ஜரும் ட்ரெசரும் அதற்கான கோப்பைத் தருகிறார்கள். உங்கள் ஆப் இன்னொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் (அந்தப் பக்கத்துக்குள் பதித்த சின்னப் பக்கமாக) ஓடினால், யூஎஸ்பி, ஹெச்ஐடி அனுமதிகளை அந்தத் தாய்ப் பக்கம் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

8. "பஃபர் ஈஸ் நாட் டிஃபைன்டு"னு கன்சோல்ல சிவப்பா வருது.

சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லெட்ஜர்ஜேஎஸ் போன்ற பழைய லைப்ரரிகள் நோட்.ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சூழல்) உள்ள பஃபர் என்ற பொருளை எதிர்பார்க்கின்றன. பிரவுசரில் அது கிடையாது. முன்பெல்லாம் நிரலைத் தொகுத்துத் தரும் கருவியான வெப்பேக் தானாகவே ஒரு மாற்றைச் சேர்த்துக் கொடுத்தது, 5ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. அதேபோன்ற வைட் கருவியும் சேர்ப்பதில்லை. பஃபர் பொதியை நிறுவி, மற்ற எதையும் இறக்குமதி செய்யும் முன்பே உலகப் பொருளில் வைத்துவிடுங்கள். வரிசை முக்கியம், பின்னால் வைத்தால் பயனில்லை.

9. 6985னு ஒரு எண் வருது, சில நேரம் 5515. இதெல்லாம் என்ன?

ஏபிடியூ விடையின் கடைசி இரண்டு பைட்டுகள் நிலைக்குறி. பதினாறடிமான எண்ணில் எழுதுவார்கள். 9000 என்றால் நல்லபடியாக முடிந்தது. 6985 என்றால் பயனர் சாதனத்தில் மறுத்துவிட்டார். 5515 என்றால் சாதனம் பூட்டியிருக்கிறது. 6511 வந்தால் உரிய நாணயச் செயலி திறக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை அப்படியே திரையில் கொட்டாதீர்கள். பூட்டியிருந்தால் "பின் எண் போடுங்கள்", செயலி திறக்காவிட்டால் "சாதனத்தில் எத்தீரியம் செயலியைத் திறங்கள்" என்று காட்டுங்கள். 6985ஐ மட்டும் பிழையாகவே கருத வேண்டாம். பயனர் படித்துப் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார், அந்த முடிவுக்காகத்தான் சாதனமே இருக்கிறது. சிவப்பு எழுத்தில் அலறாமல் "ரத்து செய்துவிட்டீர்கள்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். தானாக மறுபடி கேட்பது கூடவே கூடாது.

10. ரியாக்ட்ல எழுதியிருக்கேன். முதல் தடவை "ஏற்கெனவே திறந்திருக்கு"ன்னு எரர், ரீஃப்ரெஷ் பண்ணா சரியாகுது.

ரியாக்ட் 18 முதல், ஸ்ட்ரிக்ட் மோடில், வளர்ப்புச் சூழலில் எஃபெக்ட்டுகள் (காம்பொனென்ட் திரைக்கு வந்ததும் ஓடும் நிரல்) வேண்டுமென்றே இரண்டு முறை ஓடும். இணைப்பை எஃபெக்ட்டுக்குள் திறந்தால் இரண்டு முறை திறக்கப் பார்க்கும். கேள்வி 6ல் சொன்னபடி கிளிக்கில்தான் திறக்க வேண்டும் என்பதால், இணைப்புக்கான இடம் எஃபெக்ட் அல்ல, கிளிக் கையாளிதான். இணைப்பைக் காம்பொனென்டுக்கு வெளியே ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: சாதனம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பத்து முகவரிகளை ஒரே மூச்சில் இணையாகக் கேட்டால் "ஏற்கெனவே ஒரு செயல் நிலுவையில் உள்ளது" என்று பிழை வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்படி ஒரு வரிசை வையுங்கள்.

11. அக்கா, என் ஆப்ல பேலன்ஸ் ஜீரோ காட்டுது, ஆனா லெட்ஜர் ஆப்ல காசு இருக்கு. எங்க போச்சு?

எங்கும் போகவில்லை. நீங்கள் பார்க்கும் முகவரி வேறு. ஒரே மீட்புச் சொற்களிலிருந்து கணக்கற்ற முகவரிகள் பிறக்கும், எந்தப் பாதையில் நடக்கிறீர்களோ அதற்கேற்ற முகவரி கிடைக்கும். பிப்-44 என்ற விதி பாதையின் வடிவத்தைச் சொல்கிறது: நோக்கம், நாணயம், கணக்கு, மாற்றம், வரிசை எண். நாணய எண்ணில் பிட்காயினுக்கு 0, எத்தீரியத்துக்கு 60, சொலானாவுக்கு 501.

சிக்கல், இரண்டாவது கணக்கை எப்படி எண்ணுவது என்பதில். லெட்ஜரின் சொந்தச் செயலி கணக்கு இடத்தைக் கூட்டும்: 44'/60'/1'/0/0. பல வாலட்டுகள் கடைசி எண்ணைக் கூட்டும்: 44'/60'/0'/0/1. இன்னும் பழைய வழக்கம் ஒன்று 44'/60'/0'/1 என்று ஒரு படியைக் குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வழிகளிலும் முதல் முகவரி ஒன்றேதான், அதனால் சோதிக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டாவது கணக்கு வைத்திருக்கும் பயனர் வந்ததும்தான் தெரியும். உங்கள் ஆப்பில் மூன்று முறைகளையும் தேர்வாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சில முகவரிகளை இருப்போடு காட்டுங்கள். பயனர் தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்வார்.

பிட்காயினில் நோக்கம் என்ற முதல் எண்ணே முகவரி வகையைச் சொல்லும். 84 என்றால் நேட்டிவ் செக்விட், 86 என்றால் டேப்ரூட்.

12. டெஸ்டிங்குக்கு மட்டும்தான்... 24 வார்த்தையையும் என்வி ஃபைல்ல போட்டுக்கலாமா?

கூடாது. உண்மைப் பணம் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்தச் சொற்கள் எந்த விசைப்பலகையையும் தொடக் கூடாது. சோதனைக்குத் தனிச் சாதனம், அல்லது கேள்வி 19ல் வரும் எமுலேட்டர் (சாதனம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்). உங்கள் ஆப்பில் மீட்புச் சொற்களைக் கேட்கும் பெட்டி எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது. போலித் தளங்கள் கேட்பது அதைத்தான். நல்ல ஆப் ஒன்றும் அதைக் கேட்டுப் பழக்கிவிட்டால் பயனருக்கு வித்தியாசம் தெரியாமல் போகும்.

13. முகவரியைத்தான் நான் ஸ்கிரீன்ல காட்டிட்டேனே, திரும்ப டிவைஸ்ல எதுக்குக் காட்டணும்?

நீங்கள் காட்டியது பிரவுசரில். கேள்வி 1ல் சொன்னதை நினைத்துப் பாருங்கள், பிரவுசர் நம்ப முடியாத பக்கம். ஒரு கெட்ட நீட்சி உங்கள் பக்கத்தில் உள்ள முகவரியை மாற்றி எழுதிவிடலாம். பயனர் அதை நண்பருக்கு அனுப்பி, பணம் திருடனுக்குப் போய்ச் சேரும். முகவரி கேட்கும் கட்டளையிலேயே "சாதனத் திரையிலும் காட்டு" என்று ஒரு தேர்வு உண்டு. பணம் பெறும் பக்கத்தில் அதை எப்போதும் போடுங்கள். பட்டியல் எடுக்கும்போது மட்டும் வேண்டாம், பத்து முறை பொத்தான் அழுத்த வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

14. பிளைண்ட் சைனிங்கை ஆன் பண்ணச் சொல்லுது. பயனரை ஆன் பண்ணச் சொல்லிடலாமா?

இந்தத் தொகுப்பில் நான் அதிகம் கவலைப்படும் கேள்வி இது. சாதனத்துக்குப் புரியாத ஒப்பந்த (பிளாக்செயினில் ஓடும் நிரல்) அழைப்பு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் காட்ட அதனால் முடியாது. வெறும் ஹேஷ் எண்ணையோ (தரவிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) "தரவு உள்ளது" என்ற வரியையோ காட்டிவிட்டு ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது இதுதான்.

2024 ஜூலை 18 அன்று மும்பையைச் சேர்ந்த வசீர்எக்ஸ் கிரிப்டோ சந்தையின் பல கையொப்ப வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர், கிட்டத்தட்ட 2000 கோடி ரூபாய், போனது. நம் குழுவிலேயே பணம் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. அங்கே கையொப்பமிட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்தது, பல பேர் ஒப்புதல் தர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. இடைமுகத்தில் காட்டப்பட்டதற்கும் உண்மையில் கையொப்பமானதற்கும் வேறுபாடு இருந்தது என்று நிறுவனம் அப்போது சொன்னது. அந்த வாலட்டைப் பாதுகாக்கும் சேவை தந்த லிமினல், தன் அமைப்பு ஊடுருவப்படவில்லை என்று மறுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து இதை வடகொரியாவின் வேலை என்று அறிவித்தன.

அடுத்த மாதமே, பிப்ரவரி 21 அன்று, பைபிட் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது. இங்கே வழி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பைபிட் பயன்படுத்திய பல கையொப்ப வாலட்டான சேஃப் வாலட்டின் டெவலப்பர் ஒருவரின் கணினியைப் பிடித்து, இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றம் பைபிட் கணக்குக்கு மட்டும் வேலை செய்தது. திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது. சாதனத்துக்குப் போனது வாலட் ஒப்பந்தத்தின் உட்பொருளையே மாற்றும் கட்டளை. இரண்டிலும் கீ திருடப்படவில்லை. உள்ளே இருப்பதைச் சாதனத் திரையில் படித்துச் சரிபார்க்க வழியில்லாமல் போனதுதான் வினை.

ஆகவே பயனரிடம் "ஆன் பண்ணுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். முதலில் அது இல்லாமல் முடியுமா என்று பாருங்கள். டோக்கன் அனுப்புதல், ஒப்புதல் தருதல் போன்ற பரவலான அழைப்புகளுக்கு லெட்ஜரின் லைப்ரரியே விளக்கத் தரவை எடுத்துச் சாதனத்துக்குக் கொடுக்கும். அந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே கையொப்பம் கேட்பதால்தான் பல ஆப்களில் இந்த எச்சரிக்கை வருகிறது. வேறு வழியே இல்லையென்றால், சாதனம் காட்டப்போகும் ஹேஷை உங்கள் பக்கத்திலும் காட்டி, வேறொரு கணினியில் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடும் வழியையும் கொடுங்கள். பெரிய தொகை என்றால் அந்த ஒப்பீட்டை நிறுவனத்தின் கட்டாய விதியாக்கச் சொல்லுங்கள்.

15. அப்போ எங்க ஒப்பந்தத்தைச் சாதனத்துக்குப் புரிய வைக்க முடியாதா?

முடியும். இஆர்சி-7730 என்ற வரைவு இதற்காகவே வந்தது. உங்கள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு அழைப்புக்கும் என்ன தலைப்பு, எந்தப் புலத்தை எப்படிக் காட்டுவது என்று ஒரு ஜேசன் கோப்பில் எழுதிச் சமர்ப்பிக்கலாம். ஏற்கப்பட்டால் ஆதரவுள்ள சாதனங்களில் ஹேஷுக்குப் பதிலாக "100 டோக்கன் மாற்றுகிறாய், குறைந்தபட்சம் இவ்வளவு பெறுவாய்" என்பது போல வரும். இஐபி-712 என்ற வடிவத்தில் கையொப்பத்துக்கு வரும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

இஐபி-712ல் கவனிக்க வேண்டியது: லைப்ரரியில் முழுச் செய்தியை அனுப்பும் வழியும் உண்டு, இரண்டு ஹேஷ்களை மட்டும் அனுப்பும் வழியும் உண்டு. இரண்டாவது மிகப் பழைய சாதனங்களுக்கானது. எழுதச் சுலபம் என்று அதை எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள்.

16. அஃபிஷியல் லைப்ரரிதானே போடுறோம், அதுல என்ன ஆபத்து?

2023 டிசம்பர் 14 அன்று லெட்ஜரின் கனெக்ட் கிட் என்ற லைப்ரரிக்கே இது நடந்தது. முன்னாள் ஊழியர் ஒருவரின் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியம்) அணுகலை ஃபிஷிங்கில் பிடித்து, 1.1.5 முதல் 1.1.7 வரை மூன்று கெட்ட பதிப்புகளை ஏற்றினார்கள். அந்த லைப்ரரியைப் பல ஆப்கள் சிடிஎன்னிலிருந்து (கோப்புகளை இணையத்தில் விநியோகிக்கும் சர்வர்கள்) ஓடும் நேரத்தில் புதிய பதிப்பாக எடுத்துக்கொண்டிருந்தன. அதனால் யாரும் எதையும் நிறுவாமலே அது பரவியது. சில மணி நேரத்தில் சுமார் 6 லட்சம் டாலர் போனது. 2025 செப்டம்பரில் சாக், டிபக் போன்ற, எல்லோரும் பயன்படுத்தும் சாதாரணப் பொதிகளிலேயே வாலட் முகவரியை மாற்றும் நிரல் நுழைந்தது. அதற்கும் வழி, பராமரிப்பாளருக்கு வந்த ஒரு போலி மின்னஞ்சல்தான்.

பதிப்பு எண்ணைப் பூட்டுங்கள், லாக் கோப்பை (எந்தப் பொதி எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) ரெப்போவில் வையுங்கள், சிஐயில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் இடம்) அதன்படியே நிறுவுங்கள். கையொப்பம் கேட்கும் பக்கத்தில் வெளி ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம், விளம்பர அளவீட்டு ஸ்கிரிப்டும் சேர்த்துத்தான். புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்ற வேண்டிய அவசியமில்லை.

17. எத்தீரியத்துல சரியா போகுது, பாலிகான்ல மட்டும் கையொப்பம் தப்புன்னு நோடு நிராகரிக்குது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய வகைப் பரிவர்த்தனையில் கையொப்பத்தின் 'வி' மதிப்பு, சங்கிலி எண்ணை இரண்டால் பெருக்கி 35 அல்லது 36 கூட்டியது. எத்தீரியத்தின் எண் 1, ஆக 37 அல்லது 38. பாலிகானின் எண் 137, ஆக 309 அல்லது 310. சாதனம் இந்த மதிப்பை ஒரே பைட்டில் தருகிறது. ஒரு பைட்டில் 255க்கு மேல் நிற்காது, 309 வெட்டுப்பட்டு 53 ஆகிவிடும். சங்கிலி எண் 109 வரை பிரச்சினையில்லை, மேலே போனால் வரும்.

இஐபி-1559 வகைப் பரிவர்த்தனைக்கு மாறுவது நல்ல தீர்வு. அதில் இந்த மதிப்பு 0 அல்லது 1 மட்டுமே. பழைய வகைதான் வேண்டுமென்றால் வந்த பைட்டை எதிர்பார்த்த மதிப்பின் கடைசி பைட்டோடு ஒப்பிட்டு, 35ஆ 36ஆ என்று கண்டுபிடித்து முழு எண்ணை நீங்களே கட்டுங்கள். லைப்ரரியின் புதிய பதிப்புகள் இதைச் செய்துவிடுகின்றன. எதுவாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் கையொப்பத்திலிருந்து முகவரியை மீட்டு, பயனரின் முகவரியோடு பொருந்துகிறதா என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.

18. மொபைல் ஆப்ல புளூடூத் வழியா முடியுமா?

நானோ எக்ஸ், ஸ்டாக்ஸ், ஃப்ளெக்ஸ் போன்ற புளூடூத் உள்ள லெட்ஜர் சாதனங்களுக்கு முடியும். நானோ எஸ், நானோ எஸ் பிளஸ் இரண்டிலும் புளூடூத் கிடையாது. ஐபோன் பயனர்களுக்கு இதுவே வழி, அதுவும் பிரவுசரில் அல்ல, ரியாக்ட் நேட்டிவ் போன்ற சொந்தச் செயலியில். ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் தேடலுக்கும் இணைப்புக்கும் தனித்தனி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முந்தையவற்றில் இட அனுமதி கேட்கும், பயனர் பயப்படுவார். ஏன் கேட்கிறோம் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

19. என்கிட்ட டிவைஸே இல்லை. வாங்காம எழுத முடியுமா?

பெரும்பகுதி முடியும். லெட்ஜருக்கு ஸ்பெகுலோஸ் என்ற எமுலேட்டர் இருக்கிறது, டாக்கரில் ஓடும். பொத்தான் அழுத்துவதைக்கூட நிரலால் செய்யலாம் என்பதால் தானியங்கிச் சோதனைக்கு அருமையாகப் பொருந்தும். ட்ரெசருக்கும் அதன் எமுலேட்டர் உண்டு. செப்போலியா சோதனைச் சங்கிலியோடு இணைத்துக்கொள்ளுங்கள், அதன் எண் 11155111. கேள்வி 17ல் சொன்ன பைட் பிரச்சினையையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கேபிள், பூட்டு, பாதியில் பிடுங்குவது போன்றவை எமுலேட்டரில் வராது. வெளியிடுவதற்கு முன் ஒரு உண்மைச் சாதனத்தில் பாருங்கள். வாங்கினால் தயாரிப்பாளரிடமோ அங்கீகரித்த விற்பனையாளரிடமோ வாங்குங்கள். மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வரும் சாதனம் மோசடிதான்.

20. இந்தியால இப்படி ஆப் பண்ணா வரி, சட்டம் ஏதும் பிரச்சினையா?

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாற்றும்போது 1 விழுக்காடு டிடிஎஸ் என்று வந்தது. 2023 மார்ச்சில் கிரிப்டோ சேவை தருபவர்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பரிமாற்றம் செய்துகொடுப்பது, பயனர்களுக்காகக் காப்பது ஆகியவை அதில் அடக்கம். உங்கள் ஆப் எங்கே நிற்கிறது என்பதை, வெளியிடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டு முடிவெடுக்கும் விஷயமல்ல.

21. பயனர் டிவைஸ்ல நிதானமா படிச்சு அழுத்துறதுக்குள்ள டிரான்சாக்‌ஷன் காலாவதி ஆகிடுது. அவரை எப்படி வேகப்படுத்துறது?

அவரை வேகப்படுத்தாதீர்கள், பரிவர்த்தனையின் ஆயுளை நீட்டுங்கள். எத்தீரியத்தில் அடிப்படைக் கட்டணம் ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 விழுக்காடு ஏறலாம், பிளாக் 12 நொடிக்கு ஒன்று. ஒருவர் ஒரு நிமிடம் படித்தால் ஐந்து பிளாக், மோசமான நேரத்தில் கட்டணம் 1.8 மடங்கு. அதனால் உச்சக் கட்டணத்தை இப்போதைய அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்காகவாவது வையுங்கள், மீந்தது பயனருக்கே திரும்பும். டோக்கன் மாற்றும் அழைப்பில் காலக்கெடு இருந்தால் அதையும் தாராளமாக வையுங்கள்.

சொலானாவில் இது இன்னும் இறுக்கம். பரிவர்த்தனையில் இருக்கும் பிளாக்ஹேஷ் (அண்மைப் பிளாக் ஒன்றின் ஹேஷ்) 150 பிளாக்குகளுக்குத்தான் செல்லும், ஏறத்தாழ ஒரு நிமிடம். சாதனத்தை இணைத்து, செயலி திறந்திருப்பதை உறுதிசெய்த பிறகே பிளாக்ஹேஷை எடுங்கள், பக்கம் திறக்கும்போதே எடுத்து வைக்காதீர்கள். பல பேர் கையொப்பமிடும் ஏற்பாடு என்றால் டியூரபிள் நான்ஸ் கணக்கு (பிளாக்ஹேஷுக்குப் பதிலாக நிற்கும் மதிப்பைத் தருவது) ஒன்று வைத்துக்கொண்டால் காலாவதியே வராது. உங்கள் பக்கத்தில் எண்ணிக்கை குறையும் கடிகாரம் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, "சாதனத் திரையில் உள்ள முகவரியையும் தொகையையும் சரிபார்க்கவும்" என்று அந்த இடத்தில் எழுதுங்கள்.